"சூப்பர்வைசரிடம் சொல்வேன்": என்னைக் கவிழ்த்த பதில்

எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி இரண்டாம் பகுதி ரிசல்ட் நேற்று மாலை வந்தது. பாஸ். போன முறை இதே வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) விழுந்தவள் நான். தியரியை எல்லோரும் எப்படியோ எழுதிவிடுகிறோம், அதை விட்டுவிடுகிறேன். என்னைக் கவிழ்த்த எதிக்ஸ் கேள்வியைப் பற்றி மட்டும்தான் இது.

போன முறை எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) கேட்டது: பதினான்கு வயதுப் பெண், மூன்றாவது செஷன், சித்தப்பா தொடுகிறார் என்கிறாள். என்ன செய்வீர்கள்?

"சூப்பர்வைசரிடம் சொல்வேன் சார்."

"சொல்லிட்டீங்க. அவர் 'அடுத்த வாரம் பார்க்கலாம்'ன்னுட்டார். பொண்ணு சாயங்காலம் அதே வீட்டுக்குத்தான் போகணும். அப்புறம்?"

என்னிடம் அப்புறம் இல்லை. மேலே சொல்லிவிட்டால் டிரெய்னியின் வேலை முடிந்தது என்று இரண்டு வருடமாக நம்பியிருந்தேன். என்னைப் பழக்கியவர்களும் அப்படித்தான் பழக்கினார்கள். அன்று கீழ்ப்பாக்கம் மெட்ரோ நிலையத்தில் நான்கு ரயில்களை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 19ஆம் பிரிவைச் சட்டத்திலேயே எடுத்துப் படியுங்கள், நோட்ஸில் படிக்காதீர்கள். போலீசுக்குத் தகவல் தர வேண்டியவர் 'எந்த நபரும்'. டிரெய்னிக்கு விலக்கில்லை. தராவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவருக்கு 19ஆம் பிரிவே பாதுகாப்பும் தருகிறது. சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டியதுதான், ஆனால் அது போலீசுக்குச் சொன்னதாக ஆகாது.

டாரசாஃப் வழக்கில் எல்லோரும் 1976 கலிஃபோர்னியா தீர்ப்பை (ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் கடமை தெரபிஸ்ட்டுக்கு உண்டு என்றது) மட்டும் உருப்போடுகிறோம். கதையைப் படியுங்கள். ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகச் சொன்ன இளைஞனுக்குச் சிகிச்சை தந்த சைக்காலஜிஸ்ட் மூர் போலீசுக்குக் கடிதம் எழுதினார். போலீஸ் அந்த இளைஞனைப் பிடித்து விசாரித்து விட்டுவிட்டது. மூருக்கு மேலே இருந்த பவெல்சன் கடிதத்தைத் திரும்ப வாங்கி, நகலையும் குறிப்புகளையும் அழிக்கச் சொன்னார். 1969 அக்டோபரில் அந்தப் பெண், தத்தியானா டாரசாஃப், கொல்லப்பட்டாள். மேலே இருப்பவர் செய்த தவறு என்று இதைச் சொன்னபோதுதான் இந்த முறை எக்ஸ்டர்னல் நிமிர்ந்து பார்த்தார்.

அப்புறம் கேள்வியைத் திருப்பினார். "இப்ப நீங்கதான் சூப்பர்வைசர். டிரெய்னியோட ஐ.க்யூ. ரிப்போர்ட் தப்பு. கையெழுத்து உங்களோடது. யார் பொறுப்பு?"

எனக்கே நடந்ததைச் சொன்னேன். பினே-காமத் டெஸ்ட், அதாவது மன வயதை உண்மையான வயதால் வகுத்து, நூறால் பெருக்கி ஐ.க்யூ. சொல்வது. பையனைக் கூட்டிவந்த பாட்டி "எட்டு இருக்கும்மா" என்றார், அப்படியே போட்டுக்கொண்டேன். மன வயது ஆறு, ஐ.க்யூ. 75. ரிப்போர்ட் பளபளவென்று இருந்தது. என் சூப்பர்வைசர் ரிப்போர்ட்டைத் தொடவில்லை. ஸ்கோர் ஷீட்டைக் கேட்டார், பிறப்புச் சான்றிதழைக் கேட்டார். ஒன்பதரை வயது. ஐ.க்யூ. 63. 75 என்றே போயிருந்தால் பையனுக்கு ஊனச் சான்றிதழே கிடைக்காமல் போயிருக்கும். தப்பு என்னுடையது. ஆனால் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அது அவருடையதும்கூட. இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரவில்லை.

இனி நான் ஒரே தாளில் கையால் எழுதி வைத்திருந்தவை. குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவராது, ஒத்துவருகிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

- முதல் செஷனிலேயே "நான் டிரெய்னி, இன்னார் மேற்பார்வையில் பார்க்கிறேன், அவரிடம் உங்கள் கேஸைப் பேசுவேன்" என்று சொல்வது. ரெக்கார்டிங்குக்குத் தனி ஒப்புதல்.
- மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23: ரகசியம், அதன் விலக்குகள். விலக்குகளைத்தான் கேட்பார்கள்.
- ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) சட்டம் 1992, பிரிவு 13: பதிவில்லாமல் பிராக்டிஸ் செய்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் என்றதும் சிரித்துவிடாதீர்கள், நான் சிரித்தேன்.
- டிரெய்னி உடைந்து அழுதால் சூப்பர்வைசரே தெரபி கொடுக்கக் கூடாது. மார்க் போடுகிறவர் தெரபிஸ்ட்டாக இருக்க முடியாது. வேறு ஒருவரிடம் அனுப்ப வேண்டும்.
- சூப்பர்விஷன் நோட்டு: தேதி, கேஸ் எண், என்ன சொன்னார், நான் என்ன செய்தேன். அன்றன்றே எழுதவும்.

கடைசி வரியை நான் செய்யவில்லை. வைவாவுக்கு முந்தின வாரம் இரண்டு வருட நோட்டை ஞாபகத்திலிருந்து எழுத உட்கார்ந்து, பதினேழாவது கேஸில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் எழுதினால் கதையாகிவிடும்.