வால்டேர் வீட்டுக்குப் போன பஸ்

ஜெனீவாவில் அறை எடுத்தால் ஹோட்டலிலேயே இலவசப் பயண அட்டை தருகிறார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் வாழ்ந்த ஃபெர்னேவுக்கும் அது செல்லும் என்று ரிசப்ஷனில் சொன்னதை நம்பி பஸ் ஏறினேன். செல்லாது. ஃபெர்னே இருப்பது பிரான்சில். செக்கரிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், மனிதர் அசையவில்லை. அபராதத்தில் மூன்று நாள் சாப்பாட்டுக் காசு போயிற்று. போகிறவர்கள் எல்லை தாண்டத் தனி டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

வயிற்றெரிச்சலோடு இறங்கினால் எதிரே சனிக்கிழமைச் சந்தை! கம்பியில் சுழன்று வெந்த கோழி, அதன் கொழுப்பு சொட்டிச் சொட்டி அடித்தட்டில் ஊறிய உருளைக்கிழங்கு, ஒரு துண்டு கோம்தே சீஸ். ஜெனீவாவில் இந்தக் காசுக்கு வயிறு நிறையாது. இந்தப் பயணத்தின் சிறந்த சாப்பாடு இதுதான்.

அப்புறம் மாளிகை. வால்டேர் இந்த இடத்தைப் பிடித்ததே எல்லைக்காகத்தான். பிரெஞ்சு அரசு துரத்தினால் ஜெனீவாவுக்குப் போய்விடலாம்; ஜெனீவா பாதிரிமார் தொல்லை கொடுத்தால் இந்தப் பக்கம் இருந்துகொள்ளலாம். என் காசைக் கறந்த அதே எல்லைக்கோடு அவருக்குக் கேடயம்.

இங்கே உட்கார்ந்துதான் ழான் காலாவுக்காகக் கடிதம் கடிதமாக எழுதினார். காலா, துலூஸ் நகரத்துத் துணி வியாபாரி, புராட்டஸ்டண்ட். கத்தோலிக்கத்துக்கு மாறவிருந்ததால் மகனைக் கொன்றதாகப் பழி சுமத்தி, 1762 மார்ச்சில் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். வால்டேர் விடவில்லை. மூன்று வருடம் போராடி, 1765-ல் காலா குற்றமற்றவர் என்று தீர்ப்பு வரவைத்தார். காலா குடும்பத்தின் படத்தைத் தன் கட்டிலருகே மாட்டி வைத்திருந்தாராம். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. முன்பின் பார்த்திராத ஒரு குடும்பம்!

முந்தின நாள் ஜெனீவாவில் பார்த்த, தத்துவஞானி ரூசோ பிறந்த வீடு அப்போதுதான் உறைத்தது. கிராண்ட் ரூ, 40-ஆம் எண். அந்தத் தெரு ஏறி முடிகிற இடத்தில் நகர மன்றம். 1762 ஜூனில் அதன் முன்னால்தான் ரூசோவின் 'சமுதாய ஒப்பந்தம்', 'எமீல்' என்ற இரண்டு புத்தகங்களையும் எரித்தார்கள். நடந்து பார்த்தேன், சில நிமிடம்கூட ஆகவில்லை. ஆட்சி அதிகாரம் மக்களுடையது என்று எழுதியவர் ஊருக்குள் வந்தால் கைது செய்யவும் உத்தரவு. எனக்கு வால்டேரைவிட ரூசோவைத்தான் பிடிக்கும். அதனால் கோபம் கொஞ்சம் கூடவே வந்தது.

திரும்பும்போது டிக்கெட் எடுத்தேன். ஜெனீவாவின் ரூசோ தீவில் அவருக்கு 1835-ல் வைத்த சிலை இருக்கிறது. மடியில் ஏடு, கையில் எழுதுகோல், நாற்காலிக்கு அடியில் புத்தகக் குவியல். எரித்த ஊரே வைத்தது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து மிச்சக் கோழியைச் சாப்பிட்டேன். ஆறியும் ருசி குறையவில்லை.