சோறு ஓசி, குழம்புதான் செலவு: கடலூர்க் குடும்பத்துக்கு ஒரு மாதச் சமையல் கணக்கு

கையில் காசு குறைந்தால் பெரும்பாலான வீடுகளில் முதலில் வெட்டு விழுவது பருப்புக்கும் பயறுக்கும்தான். சோறு அப்படியே இருக்கும், குழம்பு தண்ணியாகிக்கொண்டே போகும். தமிழ்நாட்டு அரிசி அட்டை வைத்திருப்பவருக்கு ரேஷனில் அரிசி இலவசம். அப்படியென்றால் வெட்டு விழ வேண்டிய இடம் வேறு. அரிசியில் மிஞ்சும் காசு அத்தனையும் குழம்புச் சட்டிக்குள் போக வேண்டும். கீழே உள்ளதெல்லாம் இரண்டு பெரியவர்கள், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கான கணக்கு.

முதலில் புரதம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம் வேண்டும். 250 கிராம் அரிசி சாப்பிட்டால் 18 கிராம் வரை வந்துவிடும். சாம்பாரில் ஒரு ஆளுக்குச் சேரும் 25 கிராம் துவரம் பருப்பில் 5.5 கிராம். இட்லி, தோசையில் சேரும் 15 கிராம் உளுந்தில் 3.5 கிராம். ஆகமொத்தம் 27. இதோடு நிறுத்திவிட்டால் வயிறு நிரம்பும், பாதித் தேவை பாக்கி நிற்கும். 30 கிராம் பயறில் செய்த சுண்டல் 7 கிராம் தரும், 30 கிராம் மல்லாட்டை (நிலக்கடலை) 7.5, ஒரு டம்ளர் பாலோ தயிரோ 6. மிச்சச் சொச்சத்தைக் கீரையும் கேழ்வரகும் பார்த்துக்கொள்ளும். முட்டை, மீன் வைக்கும் நாளில் மல்லாட்டையை விட்டுவிடலாம்.

விலையை ஒப்பிடும்போது கிலோ விலையைப் பார்க்காமல், ஒரு ரூபாய்க்கு எத்தனை கிராம் புரதம் கிடைக்கிறது என்று பாருங்கள். ரேஷன் துவரை கிலோ 30 ரூபாய், அதில் 220 கிராம் புரதம். ரூபாய்க்கு 7 கிராம். இதை மிஞ்ச ஒன்றும் கிடையாது, ஆனால் அட்டைக்கு 1 கிலோதான். முட்டை 6 ரூபாய் என்று வைத்தால் ரூபாய்க்கு 1 கிராம். மல்லாட்டை கிலோவுக்கு 250 கிராம் புரதம் உள்ளது, கிலோ 125 ரூபாய்க்குக் கிடைத்தால் ரூபாய்க்கு 2 கிராம். பச்சைப்பயறு, காராமணி, கொள்ளு எல்லாமே 220, 240-ஐ ஒட்டித்தான், அதனால் அந்த மாதம் எது மலிவோ அதை வாங்குங்கள். பிள்ளைகள் வளரும் என்று டப்பாவில் விற்கும் சத்து பானப் பொடியை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு தண்டச் செலவு என்று தெரிந்துவிடும். பாலையும் புரதக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். ஆவின் நீலப் பாக்கெட்டுக்கும் ஆரஞ்சுப் பாக்கெட்டுக்கும் பெரிய வித்தியாசம் கொழுப்பில்தான், புரதத்தில் இல்லை. தயிர் உறை ஊற்ற நீலமே போதும்.

ரேஷன் பருப்பும் 25 ரூபாய் பாமாயிலும் மாதக் கடைசியில் தீர்ந்துபோயிருக்கும். கடைக்குச் சரக்கு வந்ததும் போய் வாங்கிவிடுங்கள். 1 கிலோ துவரை, வேளைக்கு 100 கிராம் வீதம் 10 சாம்பாருக்கு வரும். மாதத்தில் 10 நாள்தான் துவரை என்று முதல் தேதியிலேயே எழுதி வைத்துவிட்டால் மற்ற 20 நாளுக்கு யோசனை தன்னால் வரும். வெளியில் வாங்க வேண்டியது பாசிப்பருப்பு 1 கிலோ, உளுந்து ஒன்றேமுக்கால் கிலோ, பயறு வகை எல்லாம் சேர்த்து 3 கிலோ, மல்லாட்டை 2 கிலோ, கேழ்வரகு மாவு 2 கிலோ.

ரேஷன் அரிசி பற்றி இரண்டு சந்தேகம் எல்லா வீட்டிலும் உண்டு. ஒன்று, கழுவும்போது மேலே மிதக்கிற, கொஞ்சம் மஞ்சளோ வெள்ளையோ அடிக்கிற அரிசிமணிகள். பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் அச்சிட்டு, 100 மணிக்கு 1 மணி என்ற கணக்கில் கலந்தது. எறிந்தால் ஓசியில் வந்த சத்துதான் குப்பைக்குப் போகும். இன்னொன்று வாடை. அதற்கு மூன்று நான்கு தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் போதும். வடித்த கஞ்சியை மட்டும் கொட்டாதீர்கள், உப்பும் மோரும் சேர்த்துக் குடித்துவிடலாம்.

மாவு வாரத்துக்கு இரண்டு தரம். ரேஷன் புழுங்கல் அரிசி 4 டம்ளர், உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 ஸ்பூன். தோல் உளுந்து விலை குறைவு, மாவும் நன்றாகக் காணும். கழுவும்போது தோலை முழுக்கப் போக்க வேண்டாம், இட்லி கொஞ்சம் கருத்தாலும் பாதகமில்லை. ரேஷன் அரிசியில் இட்லி கல்லாகிறது என்பவர்கள் பெரும்பாலும் உளுந்தை மிக்சியில் ஒரே ஓட்டமாக அரைத்தவர்களாக இருப்பார்கள். ஜார் சூடேறினால் உளுந்து உப்பாது. குளிர்ந்த தண்ணீர் தெளித்து, விட்டு விட்டு அரைக்க வேண்டும். அரைத்த உளுந்தில் ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கணும், அதுதான் பதம். மே மாதக் கடலூர் வெயிலில் 6 மணி நேரத்திலேயே மாவு பொங்கிவிடும். மழை மாதத்தில் 10, 12 மணி நேரம்கூட ஆகும். முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை. மூன்றாம் நாள் புளித்த மாவில் ஒரு பங்குக்கு அரைப் பங்கு கேழ்வரகு மாவைக் கரைத்து, வெங்காயம், முருங்கைக்கீரை போட்டு ஊற்றினால் புளிப்பும் தெரியாது, சுண்ணாம்புச்சத்தும் சேரும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம்.

சுண்டலில் கைவிட்டுப்போகிற இடம், வேகாத பயறு. அதற்குக் காரணம் மூன்று. பயறு பழசாக இருக்கும், அப்படியானால் எத்தனை விசில் விட்டாலும் நடுவில் நறுக்கென்றுதான் இருக்கும், ஓட்டம் உள்ள மளிகைக் கடையில் வாங்குவதுதான் வழி. அல்லது தண்ணீர் காரணம். கடலோரத்தில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கும், அதில் பருப்பு சீக்கிரம் குழையாது. ஊறவைப்பதும் வேகவைப்பதும் குடிக்கிற தண்ணீரில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, புளியும் தக்காளியும் முன்கூட்டியே விழுவது. புளிப்புப் பட்டால் பயறின் தோல் இறுகிக்கொள்ளும், வெந்த பிறகுதான் புளி. காராமணியும் கொண்டைக்கடலையும் இரவே ஊறினால் கேஸ் மிச்சம். குக்கரில் ஒரு விசில் வந்ததும் அடுப்பைச் சிறிதாக்குங்கள், விசில் எண்ணிக்கை கூடுவதால் சீக்கிரம் வேகாது, நீராவிதான் வீணாகும்.

பிள்ளைகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தால் திட்டம் இன்னும் லேசு. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் 5-ஆம் வகுப்பு வரை பள்ளி நாட்களில் காலைச் சாப்பாடு உண்டு. மதியச் சத்துணவில் முட்டையும் வருகிறது. ஆகவே வீட்டு முட்டையைப் பள்ளி இல்லாத நாளுக்கும் பெரியவர்களுக்கும் ஒதுக்கலாம். வார நாளில் பிள்ளைகளுக்கு வீட்டில் கவனிக்க வேண்டியது சாயங்காலச் சுண்டலும் இரவுச் சாப்பாடும்தான். பள்ளி விட்டு வந்த பசியில் அவர்கள் கையில் சுண்டல் கிண்ணம் இருந்தால் பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுக்கு வேலை இல்லை.

காய்க்குக் கடலூர் உழவர் சந்தை விலைப் பலகையை அளவுகோலாக வைத்துக்கொண்டு, பான்பரி மார்க்கெட்டிலோ தெருவண்டியிலோ பேரம் பேசுங்கள். விடியற்காலையில் போனால் நல்ல சரக்கு, கடை கட்டும் நேரத்தில் போனால் நல்ல விலை. கீரைக்கு விடியற்காலை, கத்தரி, வெண்டை, பரங்கிக்காய்க்குக் கடை கட்டும் நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம். கீரை வெந்தால் சுருங்கிவிடும், நாலு பேருக்கு 2 கட்டு இல்லாமல் பேச்சில்லை. முருங்கைக்கீரை உருவ நேரமில்லை என்று தள்ளுபவர்கள் கொத்தை அப்படியே துணியில் சுற்றி இரவு வைத்துவிட்டு, காலையில் உதறிப் பார்க்கட்டும். இலை தானாக உதிர்ந்திருக்கும். கீரை, பயறு சாப்பிடும் நாளில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் இரும்புச்சத்து உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும்.

கடலூரில் இருந்துகொண்டு மீனை விலை உயர்ந்த சாப்பாடு என்று ஒதுக்குவது வஞ்சிரத்தையே பார்த்துப் பழகிய கண்ணின் தப்பு. மத்தி, நெத்திலி, காரப்பொடி மூன்றும் அதைவிட எவ்வளவோ மலிவு, சத்தில் குறைச்சல் இல்லை. நெத்திலியை முள்ளோடு சாப்பிடலாம் என்பதால் கால்சியமும் கணக்கில் சேரும். முதுநகர்ப் பக்கம் வாங்கப் போகும்போது ஐஸ் போட ஒரு டப்பா எடுத்துப் போங்கள். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரித்துத் தடிக்கும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஆகவே இந்த மீன்களில் மட்டும் சாயங்காலத் தள்ளுபடி விலைக்கு ஆசைப்பட வேண்டாம். செவுள் சிவப்பாக இல்லாவிட்டால் நகர்ந்துவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, கட்டுமரமும் நாட்டுப் படகும் கொண்டுவரும் மீன் விலை ஏறிவிடும். அதற்குத்தான் கருவாடு. காராமணிக்குப்பம் திங்கட்கிழமைச் சந்தையில் தடைக்காலத்துக்கு முன்பே வாங்கி வைத்துவிடுவது நல்லது. வாங்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் வீட்டில் பூஞ்சை பிடிக்கும். வெந்நீரில் 20 நிமிஷம் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டி, இன்னொரு தரமும் அப்படிச் செய்த பிறகுதான் குழம்பில் போட வேண்டும். குழம்புக்குத் தனியாக உப்பு போடுவதைக் கடைசியில் ருசி பார்த்து முடிவு செய்யலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு என்ன கழுவினாலும் கருவாடு ஆகாது, அவர்களுக்கு அன்று முட்டைக் குழம்பு.

தடைக்காலம் வரும் நேரம்தான் பண்ருட்டிப் பலாவுக்கும் பருவம். சுளை தின்றுவிட்டுக் கொட்டையை எறியும் வீட்டைப் பார்த்தால் மனசு கேட்காது. கொட்டையைக் கழுவி நிழலில் 2 நாள் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. அதைப் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைக்க: கருவாடு 100 கிராம், பலாக்கொட்டை 20, கத்தரிக்காய் கால் கிலோ, முந்தின இரவு ஊறிய மொச்சை ஒரு கைப்பிடி. மொச்சையையும் கொட்டையையும் முதலில் குக்கரில் வேகவைத்துக்கொண்டு, பிறகு வெங்காயம், தக்காளி வதக்கி, புளி கரைத்து ஊற்றி, கொதி வந்ததும் கத்தரிக்காய், கடைசி 10 நிமிஷத்துக்குக் கருவாடு. முதலிலேயே கருவாட்டைப் போட்டால் கரைந்து குழம்பெல்லாம் முள்ளாகிவிடும். நாலு பேருக்கு ஒரு வேளைக்குத் தாராளம், காலையில் பழைய சோற்றுக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

எண்ணெய்க்கு ஒரே வழி, வாரத்துக்கு அளந்து வைப்பது. ஆளுக்கு நாளைக்கு 20 கிராம் என்றால் நாலு பேருக்கு வாரம் 600 மில்லி. அதை ஒரு பாட்டிலில் தனியாக ஊற்றி வைத்து, அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு, எனவே மாதத்துக்கு அந்த 1 லிட்டரோடு சரி. மீதிக்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வாங்கலாம். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது மிச்சம் பிடிப்பது ஆகாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தனியாகப் பார்க்க வேண்டும். அடைமழையில் கீரை அழுகும், தக்காளி விலை தாறுமாறாக ஏறும். செப்டம்பர் கடைசியிலேயே சேனை, கருணை, முழுப் பரங்கிக்காய், கூடுதலாக ஒரு கிலோ காராமணி வாங்கி வைத்துவிடுங்கள். வெட்டாத பரங்கிக்காய் தரையில் படாமல் காற்றாட இருந்தால் வாரக்கணக்கில் தாங்கும். தக்காளி இல்லாத குழம்புகளை அந்த மாதங்களுக்கு மாற்றிக்கொள்ளலாம்: மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு, கொள்ளு ரசம், பாசிப்பருப்புக் கடையல். புயல் எச்சரிக்கை வந்த பிறகு மளிகைக்கு ஓடினால் சொன்ன விலைதான். பயறில் வண்டு விழுவதும் இந்த ஈரத்தில்தான். அடைமழை பிடிக்கும் முன் ஒரு நல்ல வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் காய்ந்த மிளகாய் நாலைப் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து, வண்டுக்கு முன்னால் பூஞ்சை வந்துவிடும்.