சிலிக்கான் டிடெக்டரை −20 டிகிரியில் வைக்க: சேலத்துக் காற்றோடு மல்லுக்கட்டு

ஏற்காட்டில் மூடுபனி இறங்கி, எதிரே நிற்பவர் முகம் தெரியாத ஒரு காலை. காற்று 16 டிகிரி, ஈரப்பதம் 100 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்றில் ஆவியாக இருக்கும் நீர் சுமார் 13.6 கிராம். அதே ஐப்பசியில் கீழே சேலத்தில், மழை விட்ட மாலையில், 27 டிகிரியும் 85 சதவீதமும் இருந்தால் அது சுமார் 22 கிராம். மலைமேல் பனி கண்ணுக்குத் தெரிந்து மிரட்டும். ஆனால் துகள்களைப் பதிவு செய்யும் சிலிக்கான் டிடெக்டரை ஒட்டி வைத்த குளிர்ந்த தகட்டை நனைப்பதில் சேலத்துக் காற்றுதான் கில்லாடி. அதன் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரி. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரிலிருந்து 15 டிகிரியில் வரும் தண்ணீர்க் குழாயே வியர்த்துக் கொட்டும். அந்தக் குழாய்க்கும் ரப்பர் ஃபோம் உறை போட்டே ஆக வேண்டும்.

சரி, −20 எதற்கு? சிலிக்கானில் கசிவு மின்னோட்டம், அதாவது துகள் எதுவும் படாதபோதும் ஓடும் மின்னோட்டம், ஒவ்வொரு 7 டிகிரிக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 25-லிருந்து −20-க்கு இறக்கினால் சுமார் 90-ல் ஒரு பங்காகிவிடும். கதிர்வீச்சில் அடிபட்ட சென்சாரை, அதாவது டிடெக்டரின் சிலிக்கான் சில்லை, குளிர்விக்காமல் ஓட்டினால் கசிவு சூட்டைக் கூட்டும், சூடு கசிவைக் கூட்டும். பிறகு பிடித்து நிறுத்த முடியாது.

ஈரம் படியாமலிருக்க டிடெக்டரை மூடிய பெட்டிக்குள் வைத்து, உள்ளே உலர்ந்த நைட்ரஜனை ஓட விட வேண்டும். சோதனைப் பெட்டி 40 × 30 × 25 செ.மீ., அதாவது 30 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் நைட்ரஜன் விட்டால் 15 நிமிடத்தில் பழைய காற்று 1 சதவீதத்துக்கும் கீழே போகும். இது காகிதக் கணக்கு. பெட்டிச் சுவர், கேபிள் உறை, சர்க்யூட் போர்டு எல்லாம் குடித்து வைத்த ஈரத்தை மெல்ல மெல்லக் கக்கும். ஓரிரு மணி நேரம் விடுங்கள். வாயு வரும் குழாய் சிலிக்கோன் ரப்பராக இருக்கக் கூடாது, வெளி ஈரம் அதன் சுவர் வழியே உள்ளே ஊறும். செம்பு அல்லது டெஃப்லான் போதும். 47 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 7,000 லிட்டர் வாயு இருக்கும். 10 லிட்டர் வீதம் விட்டால் 12 மணி நேரம்கூடத் தாங்காது. உலர்ந்ததும் 2 லிட்டராகக் குறைத்துவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். மூடிய சின்ன அறையில் நைட்ரஜன் சேர்ந்தால் வாசனையும் வராது, மூச்சும் முட்டாது, ஆள்தான் விழுவார்.

மலிவு விலை ஈரப்பத சென்சாரை இங்கே நம்பாதீர்கள். 20 டிகிரியில் இருக்கும் பெட்டிக்குள் பனிநிலை −20 என்றால் ஈரப்பதம் 5 சதவீதம், −30 என்றால் 2 சதவீதம். ±2 சதவீதம் பிழையுள்ள சென்சார் இரண்டையும் பிரித்துச் சொல்லாது. பெட்டிக்குள் மாட்யூலை (சென்சாரும் அதன் சர்க்யூட் போர்டும் சேர்ந்தது) விடக் குளிரான இடத்தில் பளபளப்பான செம்புத் துண்டு ஒன்றை ஒட்டி, வெப்கேமராவைத் திருப்பி வையுங்கள். அது மங்கினால் அதற்குமேல் குளிரை இறக்கக் கூடாது.

அதிகம் சொதப்புவது, சென்சாரைக் குளிர்த் தகட்டில் ஒட்டும் பசையில்தான். போரான் நைட்ரைடு கலந்த எபாக்சி 100 மைக்ரான் தடிமனில், சதுர சென்டிமீட்டருக்கு 1 வாட் சூட்டைக் கடத்த 1 டிகிரிதான் கேட்கும். அதே இடத்தில் காற்றுக் குமிழி இருந்தால் 40 டிகிரி. சின்னக் குமிழியைச் சிலிக்கான் பக்கவாட்டில் கடத்திச் சமாளித்துவிடும். சிப் அளவுக் குமிழிக்கு மருந்தே இல்லை. தோசைக்கு எண்ணெய் தடவுவது போல முழுக்கத் தடவினால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். நடுவிலிருந்து மூலைகளுக்குப் பெருக்கல் குறி போலக் கோடு இழுத்து, மெல்ல அழுத்துங்கள், காற்று ஓரத்துக்கு ஓடிவிடும். 100 மைக்ரான் கண்ணாடி மணிகளைப் பசையில் கலந்தால் தடிமன் தானே நிற்கும். முதலில் சென்சாருக்குப் பதில் அதே அளவுக் கண்ணாடித் துண்டை ஒட்டிப் பாருங்கள், குமிழி எங்கே என்று மேலேயிருந்தே தெரியும்.

அலுமினியத் தகட்டில் கெட்டியான எபாக்சியால் 10 செ.மீ. சென்சாரை ஒட்டி 45 டிகிரி இறக்கினால், தகடு சிலிக்கானை விட ஏறத்தாழ 90 மைக்ரான் அதிகம் சுருங்கும். 300 மைக்ரான் தடிமனுள்ள சில்லு வளையும், விரிசலும் விடலாம். கார்பன் ஃபைபர் தகடு இதற்குச் சரி. அலுமினியம்தான் கையில் இருக்கிறது என்றால் மெத்தென்ற சிலிக்கோன் பசை போடுங்கள். தகட்டை அடித்தளத்தில் பொருத்தும்போது ஒரு முனைக்கு வட்டத் துளை, மறுமுனைக்கு நீள்துளை; இரண்டு பக்கமும் இறுக்கிவிட்டால் சுருங்க இடமில்லாமல் வளையும். ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் ஆய்வகத்தில், எல்எச்சிபி என்ற பரிசோதனையின் புதிய வெலோ டிடெக்டர் இந்தத் தகராறையே ஒழித்துவிட்டது: குளிர்த் தகடும் 500 மைக்ரான் சிலிக்கான், அதற்குள் முடி போன்ற கால்வாய்களில் கரியமில வாயு திரவமாக ஓடிக் கொதிக்கும். அந்த முறையைச் சேலத்தில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 31 டிகிரிக்கு மேல் கரியமில வாயுவில் திரவம் என்ற நிலையே கிடையாது. சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்த குழாய்க்குள் அழுத்தம் 74 பாரைத் தாண்டிவிடலாம். சேஃப்டி வால்வு இல்லாமல் தொடாதீர்கள்.

கரன்ட் போனால்? சில்லர் நிற்கும். யுபிஎஸ்ஸில் இருக்கும் பெல்டியர் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு முகம் குளிர்ந்து மறுமுகம் சூடாகும் தகடு) ஓடிக்கொண்டே இருக்கும். சூட்டை எடுத்துப்போகச் சில்லர் தண்ணீர் இல்லாததால் அதன் சூடான முகம் சில நிமிடத்தில் எகிறிவிடும். அந்த முகத்தில் 45 டிகிரி தெர்மோஸ்டாட் சுவிட்ச் ஒன்றை வைத்து, பெல்டியர், மாட்யூல் இரண்டின் மின்சாரத்தையும் வெட்டுங்கள். நைட்ரஜனுக்கு மட்டும் மின்வால்வு வேண்டாம், கைவால்வு போதும். மின்சாரம் இல்லாதபோதுதான் அது ஓடியே தீர வேண்டும். வேலை முடிந்தபின் முதலில் பயஸ் வோல்டேஜை (சென்சாருக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை) இறக்குங்கள், பிறகு மாட்யூலை அணையுங்கள், நைட்ரஜன் ஓடட்டும். தகடு 30 டிகிரியைத் தொட்ட பிறகுதான் மூடியில் கை வைக்கலாம்.