பெர்க்லியில் ஒரு சீசன்

தம்பி வீட்டில் தங்கலாம் என்று பாஸ்டன் போன இரண்டு மாதத்தில் ஊர் சுற்றியதைவிடக் கச்சேரி கேட்டதுதான் அதிகம். எல்லாம் பெர்க்லி இசைக் கல்லூரியின் கைங்கரியம். பச்சை லைன் ரயிலில் ஹைன்ஸ் ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் மாசசூசெட்ஸ் அவென்யூ (ஊர்க்காரர்களுக்கு 'மாஸ் ஆவ்'). கிட்டார் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் போகிற பக்கமாகவே நடந்தால் கல்லூரி வந்துவிடும்.

1945இல் லாரன்ஸ் பெர்க் தொடங்கியபோது இதன் பெயர் ஷிலிங்கர் ஹவுஸ். 1954இல் மகன் லீயின் பெயரையும் ஒட்டிப் பெர்க்லி ஆக்கினார். பெரிய அரங்கம் முன்பு ஃபென்வே என்ற தியேட்டர், 1976இல் கச்சேரி மேடையானது, சுமார் 1200 பேர் உட்காரலாம். நவம்பர் கடைசியில் படிப்புப் பருவம் முடிகிற நேரம் மாணவர் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேடை ஏறுகின்றன, நம் டிசம்பர் சீசன் மாதிரியேதான், கேன்டீன் மட்டும் இல்லை.

ஃப்யூஷன் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம். கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு தபலாவை வைத்துவிட்டால் போதும் என்கிற கச்சேரிகளைச் சென்னையில் கேட்டு நொந்தவன் நான். ஆனால் இந்த இடத்துக்கு அந்தப் பழக்கம் பழையது. நான்கு குச்சிகளால் வைப்ரஃபோன் (உலோகக் கட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) வாசித்த கேரி பர்ட்டன், அறுபதுகளிலேயே ஜாஸையும் ராக்கையும் கலந்தவர், 1971இலிருந்து இங்கே பாடம் நடத்தியிருக்கிறார். கிட்டார்காரர் அல் டி மியோலாவோ 1974இல் ஜாஸ் பியானோக்காரர் சிக் கொரியா கூப்பிட்டதும் படிப்பைப் பாதியில் விட்டுப் போய்விட்டார். நம் பிரசன்னா, கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிப்பவர், அவரும் இங்கே படித்தவர்தான்.

ஒரு இரவு ஏழு எண்ணிக்கையில் ஒரு உருப்படி. என் கை தானாகத் தொடையில் மிஸ்ர சாபு (நம் ஏழு எண்ணிக்கைத் தாளம்) போட ஆரம்பித்தது, பக்கத்து சீட்டுப் பெரியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாக்ஸபோனும் டிரம்ஸும் நாலு நாலு பார்களாக (பார் என்றால் ஒரு தாளச் சுற்று மாதிரி) மாறி மாறி வாசித்தபோது, அடடா, இது மிருதங்கமும் கடமும் பேசிக்கொள்வதுதானே என்று தோன்றியது. நம்மூரில் அந்த அளவு குறைந்துகொண்டே வந்து கோர்வை என்கிற முடிவுக் கணக்கில் முடியும், இங்கே நாலு நாலாகவே ஓடி மறுபடி முதல் மெட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நான் அந்த மாதிரி முத்தாய்ப்புக்குக் காத்திருந்து, எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகு தனியாகத் தட்டினேன்.

2011இல் அனெட் பிலிப் இங்கே தொடங்கிய இந்தியக் குழுவைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். 2014இல் ரஹ்மான் வந்து கௌரவ டாக்டர் பட்டம் வாங்கியபோது அவர் பாட்டுகளைப் பாடியவர்கள். பல நாட்டுப் பிள்ளைகள் நம் பாட்டைப் பாடுவதை வீடியோவில் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன்.

அப்புறம் வாலீஸ். அதே தெருவில் தெற்கே கால் மணி நேர நடை, 1947இல் ஜோசப் வால்காட் திறந்த குட்டி ஜாஸ் கிளப். கல்லூரிப் பிள்ளைகள் ராத்திரி இங்கே வந்து வாசித்துப் பழகுவது பல வருட வழக்கம். குளிரில் மூக்கு உறைய நடந்து போய்ச் சுவரோரம் ஒண்டி நின்றேன், டிரம்ஸ் கைக்கெட்டும் தூரத்தில். தம்பி மூன்று தடவை ஃபோன் செய்திருக்கிறான், ஒன்றும் காதில் விழவில்லை.