பாடம் நடக்கும்போது பூ இருக்காது

பத்தாம் வகுப்பு அறிவியலில் பூ, மகரந்தச் சேர்க்கை எல்லாம் வருகிற பாடம் எங்கள் பள்ளியில் அக்டோபர் கடைசியில்தான் தொடங்கும். சேர்வராயன் மலையில் காப்பி பூப்பதோ மார்ச், ஏப்ரலில். கோடை மழை ஒன்று நன்றாக இறங்கிவிட்டால் அடுத்த எட்டுப் பத்து நாளில் தோட்டமெல்லாம் வெள்ளையாகிவிடும், மல்லிகை மாதிரி ஒரு வாசம் வீசும், பஸ் ஜன்னலைத் திறந்தாலே தெரியும். இரண்டு மூன்று நாள்தான். அப்புறம் பழுப்பாகி உதிர்ந்துவிடும். அந்தச் சமயத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத்தேர்வில் மூழ்கிக் கிடப்பார்கள். ஆக, பூ இருக்கும்போது பாடம் இல்லை, பாடம் நடக்கும்போது பூ இல்லை. வகுப்பில் எதற்காக வீடியோ என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆனால் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்ல எனக்கு ஆறேழு வருஷம் பிடித்தது.

நான் சேலத்துக்காரி. காலையில் ஏற்காடு பஸ் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, மேலே இன்னொரு பஸ் மாறிப் போகவேண்டிய அரசுப் பள்ளி எங்களுடையது. படிக்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி (கேரளத்து மலையாளி இல்லை, இந்த மலையில் வாழ்கிறவர்கள்) பழங்குடிப் பிள்ளைகள், மிச்சப் பேர் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். பஸ் மலை ஏறுவதற்கு முன்னால் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும். 1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ, இப்போது அந்த முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. என் அப்பா எழுபதுகளில் அங்கே லைட் தூக்கியவர். நான் செல்போனில் பாடம் எடுக்க ஆரம்பித்தபோது முதல் வீடியோவைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஜன்னலுக்கு முதுகு காட்டி நிக்காத கண்ணு, மூஞ்சி இருட்டா இருக்கு. ஜன்னலப் பாத்து நில்லு." அதற்கப்புறம் ஒரு வீடியோவிலும் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

பள்ளிக்கு ப்ரொஜெக்டர் வந்த புதிதில் நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். இணையத்தில் நல்ல தரமான அனிமேஷன்களாகப் பார்த்து பென் டிரைவில் இறக்கிக்கொண்டு போவேன். ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம் ஓடும். பிள்ளைகள் அசையாமல் பார்ப்பார்கள், வகுப்பு அவ்வளவு அமைதியாக இருக்கும், நானும் பாடம் நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு அந்த நேரத்தில் நோட்டு திருத்தியிருக்கிறேன். ஒருநாள் மகரந்தச் சேர்க்கை பற்றி அப்படி ஒன்றைப் போட்டுவிட்டு மறுநாள் கேள்வி கேட்டேன். ஒரு பையன் அதில் வந்த பின்னணி இசையை மேஜையில் தட்டிக் காட்டினான், தாளம் பிசகவில்லை. பூவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் மட்டும், "டீச்சர், அது என்ன பூ? நம்ம ஊர்ல இருக்குங்களா?" என்று கேட்டாள். அது டூலிப். எனக்கே அதை நேரில் பார்த்த அனுபவம் கிடையாது. பிள்ளைகள் அமைதியாக இருப்பதும் பாடம் மண்டையில் ஏறுவதும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் 2020 வந்தது. கல்வித் தொலைக்காட்சி அதற்கு முந்தின வருஷம் ஆகஸ்ட்டிலேயே தொடங்கியிருந்ததால் ஊரடங்கில் அது பெரிய கைகொடுப்பாக இருந்தது, டிவி இருந்த வீட்டுப் பிள்ளைகள் பார்த்தார்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பு என்றபோதுதான் மலையின் நிலைமை புரிந்தது. வீட்டுக்கு ஒரு செல்போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். சிக்னல் வேண்டுமென்றால் பாறை மேல் ஏற வேண்டும். நான் பெருமையாக எடுத்து அனுப்பிய 12 நிமிஷ வீடியோவை ஒரே ஒரு பிள்ளைதான் திறந்திருந்தது, அதுவும் பாதியில் டேட்டா தீர்ந்துபோய் நின்றுவிட்டது. அதன்பிறகு மூன்று நிமிஷத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். சந்தை நாளில் பெற்றோர்கள் இறங்கி வரும்போது மெமரி கார்டிலிருந்து அவர்கள் போனுக்கு ஏற்றிக் கொடுப்பேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு காய்கறிக் கடை ஓரமாக நின்று பாடம் விநியோகித்த நாட்கள் அவை. 2014இல் வெளியான ஓர் ஆய்வை ரொம்பப் பிந்தித்தான் படித்தேன். எட்எக்ஸ் என்கிற இணையவழிக் கல்வித் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை அலசி, ஆறு நிமிஷத்துக்குள் இருக்கும் வீடியோவைத்தான் ஆட்கள் ஒன்றிப் பார்க்கிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். விருப்பப்பட்டுச் சேர்ந்து படிக்கிறவர்களுக்கே ஆறு நிமிஷம் என்றால், பாறை மேல் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளைக்கு மூன்றே அதிகம்.

2022 கோடையில் காப்பிப் பூவை நாமே எடுத்தால் என்ன என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். அடுத்த வருஷம் அவர்கள் படிக்கப்போகிற பாடம், அவர்களே எடுக்கட்டும் என்று தோன்றியது. மழை பெய்தது, நாள் எண்ணிக்கொண்டிருந்தோம், பூத்த அன்றைக்குப் பார்த்து மூடுபனி. செல்போன் கேமரா பூவில் நிற்காமல் பனியிலேயே தடுமாறியது. மறுநாள் வெயில் வந்தது, ஆனால் காற்று, மைக்கில் புஸ்ஸென்று இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கைக்குட்டையை மைக் மேல் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுப் பார்த்தோம், கொஞ்சம் தேவலை. ஒரு கொத்தில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது. நான் "தேனீ" என்று மட்டும் சொன்னேன். படம் பிடித்துக்கொண்டிருந்த பையன் கையை ஆட்டாமலே, "இது அடுக்குத்தேனீங்க டீச்சர், மலைத்தேனீ இன்னும் பெருசா இருக்கும்" என்றான். அவன் அப்பா தேன் எடுக்கப் போகிறவர். பாடப்புத்தகத்துக்கு வெளியே அந்தப் பிள்ளைக்கு என்னைவிட அதிகம் தெரியும், அதை அந்த நிமிஷம் வரை நான் கேட்டதே இல்லை.

குரல் பதிவுதான் பெரிய வேலை. ஆய்வகத்து இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தோம். அவன் முதலில் "தேனீ வந்து தேன் குடிக்குது" என்று சொல்லி முடித்துவிட்டான். பக்கத்திலிருந்த பெண், தேன் குடித்தால் மட்டும் எப்படிக் காய்க்கும், காலில் மகரந்தம் ஒட்டுவதைச் சொல்ல வேண்டாமா என்றாள். மறுபடி எடுத்தோம். அப்புறம் இன்னொரு சிக்கல். இங்கே பெரும்பாலும் அராபிகா வகைக் காப்பி, அது தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். ரோபஸ்டா என்கிற இன்னொரு வகைக்குத்தான் வேறு செடியின் மகரந்தம் கட்டாயம் வேண்டும். அப்படியானால் நம் தோட்டத்துக்குத் தேனீ தேவையே இல்லையா என்று ஒருத்தி கேட்டாள். தேனீ வந்தால் அராபிகாவிலும் காய்ப்பு கூடும் என்று விளக்கி, தன் மகரந்தச் சேர்க்கை, அயல் மகரந்தச் சேர்க்கை இரண்டையும் கரும்பலகையில் எழுதினேன். அரை மணி நேரம் அதிலேயே போனது. ஆறு முறை பதிவு செய்தோம். ஆறாவது முறை அவன் தாளைப் பார்க்கவில்லை.

அந்த வீடியோ 2 நிமிஷம் 40 விநாடி. அதே பிள்ளைகளுக்கு நவம்பரில் போட்டேன், அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் போடுகிறேன். இப்போது நான் போடும் விதமே வேறு. முதலில் சத்தமில்லாமல் ஓட்டுவேன், பிள்ளைகள்தான் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். தேனீ பூவை விட்டுக் கிளம்பும் இடத்தில் நிறுத்திவிடுவேன். "இப்ப இது காலில் என்ன எடுத்துக்கிட்டுப் போகுது, எங்கே போகும், போனால் என்ன ஆகும்?" திரையில் தேனீ அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும், பதில் வரும் வரை நகர்த்தமாட்டேன். ஒரு நிமிஷம் ஆனாலும் சரி. கடைசியில்தான் குரலோடு முழுசாக. இதயத்தின் வால்வு பாடத்துக்கும் இதே முறைதான். வெளியில் இருந்து எடுத்த 40 விநாடி அனிமேஷன், மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு வேலை. உடம்புக்குள் போய்ப் பார்க்க முடியாது, அதனால் அதற்கு வீடியோ வேண்டும். ஆனால் இலைத்துளையைக் காட்ட வேண்டுமென்றால் வாசலில் இலை இருக்கிறது, ஆய்வகத்தில் நுண்ணோக்கி இருக்கிறது. அங்கேயும் ஸ்மார்ட் போர்டைப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஒரு கவலை இன்னும் இருக்கிறது. அரையாண்டுத் தேர்வில் எடுத்துக்காட்டு கேட்ட இடத்தில் பாதிப் பேர் காப்பியை எழுதியிருந்தார்கள், திருத்தும்போது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பொதுத்தேர்வில் தாளைத் திருத்தப்போவது யாரோ. விடைக்குறிப்பில் இல்லாத எடுத்துக்காட்டுக்கு மதிப்பெண் விழுமா என்று பயந்து, "புத்தகத்தில் இருப்பதையும் சேர்த்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு மனசே இல்லை.

பெற்றோருக்காக எடுத்த வீடியோக்கள் தனிக்கதை. நவம்பரில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கினால் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு காலியாகிவிடும். பத்து முடித்த பெண்களை மேலே படிக்க அனுப்பவும் தயக்கம். நான் புடவை மடிப்பு கலையாமல் நின்று "அன்பார்ந்த பெற்றோர்களே" என்று ஒன்று எடுத்தேன். யாரும் பார்க்கவில்லை, பார்க்காததில் நியாயமும் இருந்தது. இரண்டாவது தடவை, மகளைச் சேலத்தில் நர்சிங் படிக்க அனுப்பியிருக்கிற ஓர் அம்மாவைப் பேச வைத்தோம். திண்ணையில் மிளகு உதிர்த்துக்கொண்டே பேசினார், நான் கேள்விகூடக் கேட்கவில்லை. முகம் வர வேண்டாம் என்று இன்னொரு வீட்டில் ஓர் அப்பா சொல்லிவிட்டார். "பொம்பளப் புள்ள மூஞ்சி செல்லுல சுத்தக்கூடாதுங்க டீச்சர்." அவர் சொன்னது சரி. அந்தப் பெண் எழுதுகிற கையை மட்டும் எடுத்தோம். இப்போது எழுத்தில் சம்மதம் வாங்காமல் எந்தப் பிள்ளையின் முகத்தையும் எடுப்பதில்லை.

மாரியம்மன் கோயில் முன்னால் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, இருட்டின பிறகு அந்த வீடியோவைப் போட்டோம். ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் மூடுபனி புகை மாதிரி ஓடியது. "ஏய், நம்ம அத்தை பேசுது பாரு" என்று ஒரு குரல், உடனே எல்லோரும் நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள். இரண்டாம் தடவை போடச் சொன்னார்கள். 2006இல் பெங்களூரில் ஓர் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் என்கிற அமைப்பு விவசாயிகளை வைத்தே படம் எடுத்து, கிராமங்களில் கூட்டமாகப் போட்டு, கூடவே ஒருவர் இருந்து நிறுத்தி நிறுத்திப் பேசியதாகப் படித்திருக்கிறேன். திரையில் இருப்பவர் நம்மைப் போன்றவர் என்று தெரிந்தால்தான் காது கொடுக்கிறார்கள், அதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் முடிந்ததும் வந்த கேள்விகள் நான் நினைத்தவை இல்லை. கனவு, லட்சியம் என்றெல்லாம் பேசத் தயாராகப் போயிருந்தேன். ஒரு பாட்டி கேட்டார்: "அதெல்லாம் சரி டீச்சரம்மா, ஹாஸ்டல்ல சேக்க சாதிச் சான்று கேப்பாங்களே, அத யாரு வாங்கித் தருவா?" உடனே நாலு பேர் அதையே பிடித்துக்கொண்டார்கள். பழங்குடிச் சான்றைத் தாசில்தார் தரமுடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும், அதற்கு அலைந்து அலைந்து விட்டுவிட்டவர்கள் அங்கே இருந்தார்கள். பெண்ணைப் படிக்க வைக்க மனசில்லை என்று நாங்கள் ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டது எவ்வளவு தப்பு. அடுத்த வீடியோ அதுதான்: இ-சேவை மையத்தில் என்ன கேட்பார்கள், எந்தெந்தத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும், மனு எண்ணைப் பத்திரப்படுத்துவது எப்படி. பாட்டு இல்லை, அலங்காரம் இல்லை, ஒரு கை தாள்களை ஒவ்வொன்றாக மேஜையில் வைக்கும், அவ்வளவுதான். நான் எடுத்ததிலேயே அதிகம் பேர் தங்கள் போனில் கேட்டு வாங்கிக்கொண்டது அதைத்தான்.

போன வருஷம் பிள்ளைகள் புதிதாக ஒன்று தொடங்கினார்கள். பூத்த ஒரு கிளையில் சிவப்பு நூல் கட்டி, வாரம் ஒருமுறை அதே இடத்திலிருந்து அதே கிளையைப் படம் எடுப்பது, பூவிலிருந்து பழம் வரை. உதிர்ந்த பூ, மிளகு அளவு காய், மழைக்காலம் முழுக்கப் பச்சை, மெதுவாக மஞ்சள். எட்டு மாசம் ஒரு வாரம் விடாமல் எடுத்தார்கள். சிவப்பாகிற வாரத்தில் போய்ப் பார்த்தால் கிளை மொட்டை. அந்த நிரையைப் பறித்தது எங்கள் மாணவி ஒருத்தியின் அம்மாவேதான், நூலைப் பார்த்தாராம், யாரோ வேண்டுதலுக்குக் கட்டியது என்று நினைத்துவிட்டாராம்.

இந்த வருஷம் மூன்று கிளையில் கட்டியிருக்கிறோம். போன மாசம் அந்த அம்மாதான் காலை ஆறு மணிக்கு போன் செய்தார்: "டீச்சரம்மா, எங்க பக்கம் பூத்திருச்சுங்க. நாளான்னைக்கு இருக்காது, இன்னிக்கே வந்துருங்க." முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். போய்ச் சேர்ந்தபோது நூலை அவரே கட்டி வைத்திருந்தார், பக்கத்தில் ஒரு அட்டைத்துண்டில் மகளை விட்டு எழுதியும் தொங்கவிட்டிருந்தார்: "பறிக்காதீங்க, பாடம்."