பழைய பெக்ஸ்டைன் அப்ரைட் பியானோவுக்கு மறுபடியும் கறுப்பு மெருகு

மெருகைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. மேல்மூடியின் உள்விளிம்பில், கண்ணில் படாத இடத்தில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்தோம். எடுத்தபோது கறுப்பு இளகிப் பஞ்சோடு வந்தது. அரக்கு மெருகுதான். 1900-ஐ ஒட்டிச் செய்த பெர்லின் பியானோவில் எதிர்பார்க்க வேண்டியதும் அதுவே. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் செல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பிற்காலத்தில் யாரோ பாலியெஸ்டரோ பாலியூரித்தேனோ அடித்திருக்கிறார்கள். அரக்கு என்றால் பாதி வேலை மிச்சம். புது அரக்கு பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும் என்பதால் நல்ல நிலையில் உள்ள பகுதிகளைச் சுரண்டவே வேண்டாம்.

கார்ல் பெக்ஸ்டைன் 1826-இல் கோத்தாவில் பிறந்தவர். பாரிசில் பாப்பே, கிரீகெல்ஸ்டைன் பட்டறைகளில் தொழிலைக் கூர்தீட்டிக்கொண்டு 1853-இல் பெர்லினில் சொந்தப் பட்டறை தொடங்கினார். லைப்சிக்கில் பிளூத்னரும் நியூயார்க்கில் ஸ்டைன்வேயும் தொடங்கியதும் அதே ஆண்டுதான். இசையமைப்பாளர் லிஸ்ட்டின் பி மைனர் சொனாட்டாவை 1857-இல் பியானோக் கலைஞர் ஹான்ஸ் ஃபான் பூலோ பெர்லினில் முதன்முதலாக மேடையேற்றியது பெக்ஸ்டைன் கிராண்ட் பியானோவில்தான். அதன்பின் அந்தப் பெயருக்கு ஏறுமுகம். கார்ல் இறந்த மறு ஆண்டு, 1901-இல், லண்டன் விக்மோர் தெருவில் பெக்ஸ்டைன் ஹால் திறந்தார்கள். முதல் உலகப் போரில் எதிரி நாட்டுச் சொத்து என்று பறிமுதலாகி, 1916-இல் ஏலம் போய், 1917-இல் விக்மோர் ஹால் என்று பெயர் மாறியது அதே அரங்கம்தான். இரண்டாம் போரில் பெர்லின் தொழிற்சாலை குண்டுவீச்சில் அழிந்தது. 1963-இல் நிறுவனம் அமெரிக்க பால்ட்வின் நிறுவனத்திடம் போய், 1986-இல் ஜெர்மன் கைக்குத் திரும்பியது. இன்று சாக்சனியின் சைஃப்ஹென்னர்ஸ்டார்ஃபில் பியானோ செய்கிறார்கள்.

முதல் போருக்கு முந்தைய வாத்தியம் என்று தெரிந்தாலே உள்ளே என்ன இருக்கும் என்று ஊகித்துவிடலாம்: இணைப்புகளில் வஜ்ஜிரம் எனும் விலங்குப் பசை, வெளியே வெனியர் எனும் மெல்லிய மரத்தகடு, விசைகளின் மேல் பெரும்பாலும் தந்தத் தகடு. மூன்றுக்குமே தண்ணீர் ஆகாது. வரிசை எண்ணையும், பெயர் எழுத்துகளையும், அரசவைக்கு வாத்தியம் வழங்கியவர் என்ற பட்டங்கள் எழுதியிருந்தால் அவற்றையும் முதலில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை தேய்ந்து போனால் திரும்ப வராது.

பிரிக்கும்போது மேல் முன்பலகை, விசைமூடி, கீழ்ப்பலகை என்று இறங்க வேண்டும். ஆக்‌ஷன் எனும், சுத்தியல்களை இயக்கும் பொறியமைப்பு மேலே உள்ள சில கைத்திருகுகளில் நிற்கிறது. அவற்றை விடுவித்து, மேற்பக்கத்தை உங்கள் பக்கமாகச் சாய்த்து, நேராகத் தூக்குங்கள். சுத்தியல்கள் கம்பியில் இடிக்காமல் இருவர் பிடித்தால் நல்லது. விசைகளில் எண் அடித்திருக்கும். இருந்தாலும் சரிபார்த்துத்தான் கழற்ற வேண்டும். பழைய பியானோவில் 88-க்குப் பதில் 85 விசைகளும் இருப்பதுண்டு. விசைக்குள் இருக்கும் ஈய எடை வெள்ளையாகப் பூத்திருந்தால் அந்தத் தூளை ஊதக் கூடாது. முகமூடி அணிந்து ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். தந்தத் தகட்டை அனேகமாகக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். வெளிச்சம் படாவிட்டால் அது மஞ்சளாகும் என்பதால் விசைமூடியைத் திறந்து வைப்பதே நல்லது.

பழைய பெக்ஸ்டைன்கள் பலவற்றில் கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் முளைகள் நிற்கும் மரப்பலகையை இரும்புச் சட்டம் மூடுவதில்லை, வெளியே தெரியும். அந்தப் பக்கம் ஸ்பிரிட்டே போகக் கூடாது. முளையைச் சுற்றி ஊறினால் மரத்தின் பிடி போய்விடும், பிறகு சுருதி நிற்காது. காய்ந்த தூரிகை மட்டும்.

இனி மெருகு. வெடித்து உரிந்த இடங்களில் மட்டும் ஸ்பிரிட்டும் மழுங்கிய சுரண்டியும். மின்சாரத் தேய்ப்பான் வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத வெனியரின் விளிம்பு ஒரு நொடியில் தேய்ந்து அடிமரம் தெரிந்துவிடும். உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி 180, 240, 320 எண் என்று மேலும் மேலும் நுண்ணியதாக, நார்ப் போக்கிலேயே கையால் தேய்த்தோம். தூக்கிய வெனியருக்கு அடியில் இளஞ்சூடான வஜ்ஜிரத்தை ஊட்டி, மெழுகுத்தாள் வைத்து ஒரு நாள் கவ்வியில் இறுக்கினோம்.

கலவை: மெழுகு நீக்கிய செதில் அரக்கு 240 கிராம், 95 சதவீதத்துக்கு மேற்பட்ட ஸ்பிரிட் 1 லிட்டர். ஒரு நாள் ஊறவிட்டு வடிகட்ட வேண்டும். ஸ்பிரிட்டில் கரையும் நிக்ரோசின் என்ற கறுப்புச் சாயத்தை முதலில் வெற்றுமரத்துக்குத் தனியாகக் கொடுத்து, பிறகு அரக்கிலும் கலந்தால்தான் கீறல் விழும்போது பழுப்பு தெரியாது. அரக்கு பழசானால் காயாது. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் கொட்டிவிடலாம்.

பஞ்சை நூல் உதிராத துணியில் பொட்டலமாகக் கட்டி, சிறு வட்டங்கள், பிறகு எட்டு வடிவம், கடைசியில் நேர்கோடு. பொட்டலம் ஓடிக்கொண்டே பலகையில் இறங்கி ஓடிக்கொண்டே விலக வேண்டும். ஓர் இடத்தில் நின்றுவிட்டால் அடியிலுள்ள அரக்கு இளகிக் குதறும். அந்தக் காயத்தை உடனே சரிசெய்யப் போவதுதான் பெரிய தவறு. ஒரு நாள் காயவிட்டு லேசாக உப்புத்தாள் போட்டுத் தொடருங்கள். இழுபறி வந்தால் பொட்டலத்தில் ஒரு துளி எண்ணெய். மழைநாளில் வேலை வேண்டாம். காற்றின் ஈரம் படலத்துக்குள் சிக்கினால் கறுப்பின் மேல் வெள்ளைப் புகை படரும். ஸ்பிரிட் நனைத்து நன்றாகப் பிழிந்த பொட்டலத்தை மிக மெல்ல ஓட்டினால் அது பெரும்பாலும் மறையும். கடைசிச் சுற்றுகளுக்குக் கலவையைப் பாதியாக, லிட்டருக்கு 120 கிராமாக, நீர்க்கச் செய்தோம்.

விசைமூடியின் பெயர் எழுத்தைச் சுற்றி ஒட்டுத்தாள் வேண்டாம், ஒட்டியதை எடுக்கும்போது எழுத்தும் கூட வரலாம். பொட்டலம் எழுத்தில் படாமல் கையாலேயே ஒதுக்கி ஓட்டுங்கள்; கடைசியில் எழுத்தின்மேல் நீர்த்த, சாயமில்லாத அரக்கு ஒரே ஒரு ஓட்டு.

படலம் முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குப்பின் பளபளப்பைக் குறைக்க மிக நுண்ணிய 0000 இரும்புப் பஞ்சு பயன்படுத்தினால், கழற்றிய பலகைகளை வேறோர் அறைக்குக் கொண்டுபோய்த் தேயுங்கள். அந்தத் துகள் கம்பிகளின் மேல் விழுந்தால் அங்கேயே துரு பிடிக்கும். கீல்களும் ஆக்‌ஷனும் திரும்ப ஏறியது, நகத்தை அழுத்தினாலும் தடம் விழாத நாளில்தான்.