தட்டுவடை செட்டும் மூன்று பதக்கமும்

நேற்று சாயங்காலம் சேலம் அம்மாபேட்டையில் தட்டுவடை செட் சாப்பிடப் போன இடத்தில் ஒரே ஐபிஎல் சண்டை. யாரை வைத்துக்கொள்ள வேண்டும், யாரைக் கழற்றிவிட வேண்டும் என்று ஆளாளுக்குத் தீர்ப்பு. நடராஜன் பேச்சு வந்ததும் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. சின்னப்பம்பட்டியிலிருந்து போய், 2020-21 ஆஸ்திரேலியப் பயணம் ஒன்றிலேயே டெஸ்ட், ஒருநாள், டி20 மூன்றிலும் அறிமுகமான ஆள், சும்மாவா!

நான் வாயை மூடிக்கொண்டு தின்றிருக்கலாம். "மாரியப்பன் மொத்தம் எத்தனை பதக்கம்?" என்று கேட்டுவிட்டேன்.

"ரியோ தங்கம்தானேங்க" என்றார் ஒருவர். அதோடு சரி.

2016 ரியோ பாராலிம்பிக்ஸ் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் வெள்ளி. 2024 பாரிஸில் வெண்கலம். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கிய, இதே சேலத்துப் பெரியவடகம்பட்டிப் பையன், அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்ஸில்! பாரிஸ் பதக்கத்தன்று என் ஃபீடில் ஓடியது என்னவோ ஒரு படத்தின் வசூல் சண்டைதான். (நானும் அதில் நாலு கமெண்ட் போட்டேன், மறைப்பானேன்.)

கடைக்கார அண்ணன் பீட்ரூட் துருவலை அள்ளி வைத்தபடி, "மூணா தம்பி?" என்றார். அடுத்த செட்டில் காரச் சட்னி ஒரு கரண்டி கூடவே விழுந்தது.